வேலி சொன்ன அளவும் விதை சொன்ன அளவும்

வாருங்கள், உட்காருங்கள். கணக்குக் கதை என்றதும் எழுந்து நழுவப் பார்க்கிறவர்கள் முதலில் உட்காருங்கள். இந்தக் கதையில் வருகிறவர்களுக்கும் உங்களைப் போலத்தான், கணக்கு என்றால் ஆகாது.

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜா இருந்தார். பிறந்தபோது அவருக்கு நல்ல பெயர்தான் வைத்தார்கள். அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சதுரராஜா என்றால்தான் தெரியும். அவர் உட்காரும் பலகை சதுரம், சாப்பிடும் தட்டு சதுரம், குளிக்கும் குளம் சதுரம். முழுநிலாவைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார். மற்றபடி நல்ல மனிதர். கொடுத்த வாக்கை மீற மாட்டார்.

அந்த ராஜா மழைத் தண்ணீரைத் தேக்க ஓர் ஏரி வெட்டினார். ஏரி நிறைந்தது, நாடு குளிர்ந்தது. ஆனால் ஆற்றோரம் இருந்த நீள்செய் என்ற சிற்றூரின் நிலம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. ஆறே வீடுகள் உள்ள ஊர். ஆறு வீட்டுக்கும் சோறு போட்டது அந்த ஒரே நிலம்தான். தொண்ணூறு கோல் நீளம், நாற்பது கோல் அகலம். கோல் என்றால் நிலம் அளக்கிற கழி.

ராஜா அந்த ஊராரைக் கூப்பிட்டு, "உங்கள் நிலம் எவ்வளவோ அவ்வளவு செம்மேட்டில் தருகிறேன். ஒரு கைப்பிடி கூடவும் வேண்டாம், ஒரு கைப்பிடி குறையவும் வேண்டாம். சதுரமாக மட்டும் இருக்கட்டும்" என்றார்.

செம்மேடு என்பது செம்மண் பூமி. ஆண்டிக்கோன் என்ற இடையரும் அவர் கூட்டத்தாரும் அங்கேதான் ஆடு மேய்த்து வந்தார்கள். அவர்களையும் ராஜா கூப்பிட்டார். "நீள்செய்க்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் உங்களுடையது. அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள்" என்று அவர்களுக்கும் வாக்குக் கொடுத்தார்.

அளந்து கொடுக்க வந்தவர் வில்லவராயர். முப்பது வருஷமாகக் கயிறு பிடித்த அளவுகாரர். இங்கேதான் ஒரு சங்கதி கவனியுங்கள். நம் பேச்சில் நிலத்தைச் சுற்றி அடைப்பதையும் வேலி என்கிறோம், நிலத்தின் அளவையும் வேலி என்கிறோம். ஒரு வேலி நிலம், இரண்டு வேலி நிலம் என்று சொல்வதில்லையா? வில்லவராயரும் அப்படியே நினைத்துவிட்டார். வேலி எவ்வளவோ நிலமும் அவ்வளவு என்று.

பழைய நிலத்தைச் சுற்றி வந்தால் தொண்ணூறும் நாற்பதும் தொண்ணூறும் நாற்பதும், ஆக இருநூற்று அறுபது கோல். அதே வேலியைச் சதுரமாக அடைத்தால் பக்கத்துக்கு அறுபத்தைந்து கோல். வில்லவராயர் கயிற்றை இழுத்தார், நாலு முளை அடித்தார், வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊரார் கும்பிட்டு வழியனுப்பினார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது, உங்களுக்கும் வந்திருக்காது.

சந்தேகம் ஒரு கூடைக்குத்தான் வந்தது.

நீள்செய் ஊரில் உலகாயி என்று ஒருத்தி இருந்தாள். கணவன் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு தன் பங்கு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டவள். ஊர் நிலம் முழுக்க வரகு விதைப்பது அவள்தான். அவள் கை அப்படிப்பட்ட கை. முதல் கைப்பிடியில் எத்தனை மணியோ கடைசிக் கைப்பிடியிலும் அத்தனை மணி. பழைய நிலத்துக்கு வருஷா வருஷம் முப்பத்தாறு மரக்கால் விதை எடுப்பாள். கூடை காலியாகிற இடத்தில் நிலமும் முடிந்திருக்கும்.

புது நிலத்துக்கும் முப்பத்தாறு மரக்கால் எடுத்துக்கொண்டு போனாள். கிழக்கு ஓரத்தில் தொடங்கி, அகலம் முழுக்க வரிசை வரிசையாக விதைத்துக்கொண்டே மேற்கே வந்தாள். கூடை காலியாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் மேற்கு வேலி இன்னும் எட்டத்தில் நிற்கிறது. ஒன்பதரைக் கோலுக்கு மேல் நிலம் வெறுமனே கிடக்கிறது.

மரக்காலை எடுத்துப் பார்த்தாள், பழைய மரக்கால்தான். விதையை எடுத்துப் பார்த்தாள், பழைய விதைதான். கையை விரித்துப் பார்த்தாள், பழைய கைதான்.

"கை கனத்துப்போச்சு உலகாயிக்கு" என்று சிரித்தார் ஊர்ப்பெரியவர் மூக்கையன். "வயசாகுதுல்ல? இன்னும் ஆறேகால் மரக்கால் கொண்டாங்கடா."

கொண்டுவந்து கொட்டினார்கள். மொத்தம் நாற்பத்திரண்டே கால் மரக்கால் பிடித்தது. முன்பு வீட்டுக்கு ஆறு மரக்கால் நிலம் என்று இருந்தது, இப்போது வீட்டுக்கு ஏழு. மிஞ்சிய கால் மரக்காலை ஊர்ச்சாமிக்கு விட்டார்கள். சாமியும் ஒன்றும் கேட்கவில்லை.

உலகாயிக்கு அன்றே தெரியும். கை கனக்கவில்லை, நிலம்தான் கூட வந்திருக்கிறது. ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், ஏழு மரக்கால் நிலம். அவளை ஏசுவதற்கு முன்னால் நாமும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அறுவடை முடிந்த மாதம் ஆண்டிக்கோன் ஊருக்குள் வந்தார். தோளில் ஒரு குட்டி. அதன் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"சாமிகளா, ராசா சொன்ன கணக்குப்படி வேலிக்கு அந்தாண்ட மூணு நாள் மேய்ச்சல் கிடக்கணும். ரெண்டரை நாள்ல தரை தெரியுது. எங்கயோ புல்லு குறையுது. இந்த வருசம் பதினோரு குட்டி போயிருச்சு" என்றார்.

"வேலி அதே வேலிதான் கோனாரே" என்றார் மூக்கையன். "இருநூத்தி அறுவது கோலு. ஒரு கோலு கூட இருந்தா என் மீசைய எடுத்துக்கிறேன்."

ஆண்டிக்கோனுக்குக் கோல் கணக்குத் தெரியாது. ஆட்டின் வாய்க் கணக்குத்தான் தெரியும். குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். உலகாயி வீட்டைக் கடக்கும்போது அவள் வாசலில் நின்றிருந்தாள். குட்டி அவளைப் பார்த்து ஒரு முறை கத்தியது. அதற்குக் குரல் கூட ஏறவில்லை.

உலகாயிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகராசா, எங்களுக்கு ஆறேகால் மரக்கால் நெலம் கூட வந்திருக்கு. கோனார் மேய்ச்சல்லேருந்து வந்திருக்கு."

வில்லவராயருக்கு முகம் சிவந்துவிட்டது. "கயிறு பொய் சொல்லாது, மகாராஜா!"

"கயிறு பொய் சொல்லல சாமி" என்றாள் உலகாயி. "சுத்தி எவ்வளவுன்னு கேட்டீங்க, அது சுத்தளவச் சொல்லிச்சு. உள்ள எவ்வளவுன்னு அதுகிட்ட யாரும் கேக்கலையே."

ராஜா தம் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. முப்பத்தாறு மரக்கால் விதை பிடிக்கிற சதுரத்துக்குப் பக்கம் எத்தனை கோல்?"

சபையில் மூன்று பண்டிதர்கள் இருந்தார்கள். முதல் பண்டிதர், "அறுபத்தைந்துதான், அளவுகாரர் சொல்லிவிட்டாரே" என்றார். இரண்டாம் பண்டிதர், "ஆறு மரக்கால் கூட என்றால் ஆறு கோல் குறைத்தால் தீர்ந்தது. ஐம்பத்தொன்பது" என்றார். மூன்றாம் பண்டிதர், "யோசிக்க மூன்று மாதம் வேண்டும்" என்றார். மூவரில் அவர்தான் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்.

"நீ சொல், எத்தனை?" என்று ராஜா உலகாயியைக் கேட்டார்.

"தெரியாது சாமி. தூவிப் பாத்தாத் தெரியும்."

ராஜாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. "மூன்று முறை தூவலாம். மூன்றாம் முறை கூடை காலியாகிற இடமும் சதுரத்தின் வேலியும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால் அதுவே நிலம், மிச்சம் இடையர்களுக்கு. இல்லாவிட்டால் உன் கைதான் பிழை. வேலி இப்போது நிற்கிற இடத்திலேயே நிற்கும். நீ இனிமேல் விதையைத் தொடக்கூடாது."

ஊருக்கு வந்தால் அங்கே மூக்கையன் காத்திருந்தார். அவரும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்.

"நீ செயிச்சா எங்க அஞ்சு வீட்டுக்கும் ஏழேழு மரக்கால் அப்படியே இருக்கும். மிச்சம் என்னவோ அது உனக்கு. நட்டத்தக் கொண்டுவந்தவதான நட்டத்த ஏத்துக்கணும்?"

ஐந்து வீட்டுக்கு முப்பத்தைந்து. முப்பத்தாறில் அது போனால் ஒரு மரக்கால். தோற்றால் அவளுக்குக் கை போகும், ஜெயித்தால் நிலம் போகும்.

"சரி மாமா" என்றாள் உலகாயி. வேறு என்ன சொல்வாள்?

முதல் முறை தூவ ஆற்று மணல் எடுத்தாள். செம்மண்ணில் வெள்ளை மணல் விழுந்தால் நன்றாகத் தெரியும். அறுபத்தைந்து கோல் அகலத்துக்குத் தூவிக்கொண்டே மேற்கே வந்தாள். முப்பத்தாறு மரக்கால் மணலும் ஐம்பத்தைந்து கோல் தாண்டி, அரைக் கோலுக்குச் சற்று முன்னால் தீர்ந்தது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

உலகாயி சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. வெள்ளையாகக் கிடந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு சரியான அளவு, வடிவம்தான் சதுரம் இல்லை. ஒரு பக்கம் அறுபத்தைந்து, அது நீளம். இன்னொரு பக்கம் ஐம்பத்தைந்து சொச்சம், அது குட்டை. தேடுகிற பக்கம் இந்த நீளமும் இல்லை, இந்தக் குட்டையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

"அளவுகாரரே, உங்க கயித்தக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

மணல் தீர்ந்த இடத்திலிருந்து வேலி வரைக்கும் கயிற்றைப் பிடித்தாள். அந்தக் கயிற்றை இரண்டாக மடித்தாள். மடித்த அளவுக்கு நீளத்திலும் அகலத்திலும் வேலியை உள்ளே இழுத்து முளை அடித்தாள். பக்கம் அறுபது கோலும், இன்னொரு கோலில் ஐந்தில் ஒரு பங்கும் ஆயிற்று.

இரண்டாம் முறை வரகு உமி எடுத்தாள். காற்றில்லாத நேரம் பார்த்துத் தூவினாள். உமி தீர்ந்த இடத்துக்கும் வேலிக்கும் நடுவே அரைக் கோல்கூட இல்லை. ஆனால் வேலியைத் தொடவும் இல்லை.

"மறுபடியும் தப்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

வில்லவராயர் மட்டும் கத்தவில்லை. முதல் முறை ஒன்பதரைக் கோலுக்கு மேல் தப்பு. இரண்டாம் முறை அரைக் கோலுக்குள் தப்பு. முப்பது வருஷத்தில் தப்பு இப்படிச் சுருங்குவதை அவர் பார்த்ததே இல்லை. இந்த முறை அவரே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். உலகாயி மீதியைக் கயிற்றில் எடுத்து, இரண்டாக மடித்து, மடித்த அளவுக்கு வேலியை உள்ளே இழுத்தாள். வில்லவராயர் கோலை வைத்துப் பார்த்தார். அறுபது கோல்.

மூன்றாம் முறைக்குள் மேகம் கூடிவிட்டது. விதைப்புக் காலம். இனி மணலும் உமியும் வேண்டாம், விதையையே தூவட்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். அவரும் வந்து நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்டிக்கோன் நின்றார். இந்தப் பக்கம் மூக்கையன் நின்றார். உலகாயி கூடையை இடுப்பில் வைத்தாள்.

இப்போது அவள் நெஞ்சுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கைப்பிடிக்குப் பத்து மணி கூட அள்ளினால் போதும். வேலிக்கு முன்னாலேயே கூடை காலியாகிவிடும். கை தோற்றுவிட்டது என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டுமே? வேலி பழைய இடத்துக்குப் போகும். ஏழு மரக்கால் நிலம் பிள்ளைகளுக்கு நிற்கும். யாருக்கும் தெரியவும் போவதில்லை.

கிழக்கு ஓரத்தில் முதல் கைப்பிடியை எடுத்தாள். எப்போதும் எடுக்கிற கைப்பிடி. இருபது கோல் வந்தாள், அதே கைப்பிடி. நாற்பது கோல் வந்தாள், அதே கைப்பிடி. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கை மாறவில்லை. மேற்கு மூலையில், வேலிக் கயிறு காலில் தட்டிய இடத்தில், கடைசிக் கைப்பிடி விழுந்தது. கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு மணி இல்லை.

வில்லவராயர் தரையில் உட்கார்ந்துவிட்டார். குச்சியால் மண்ணில் கட்டம் போட்டார். பத்துக் கோலுக்குப் பத்துக் கோல் ஒரு மரக்கால், அது ஒரு கட்டம். புது நிலத்தில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம், முப்பத்தாறு. பழைய நிலத்தில் ஒன்பது வரிசை, வரிசைக்கு நாலு கட்டம், அதுவும் முப்பத்தாறு. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "என் பிழை, மகாராஜா. வேலியை அளந்துவிட்டு நிலத்தை அளந்ததாக நினைத்துவிட்டேன்" என்றார்.

பிறகு அவருக்கு ஆசை வந்துவிட்டது. "இது வேறு எண்ணுக்கும் வருமா?" என்று தானே போட்டுப் பார்த்தார். "எதை அதாலேயே பெருக்கினால் இருபது வரும்? நாலு என்று வைப்போம். இருபதை நாலால் வகுத்தால் ஐந்து. நாலு குட்டை, ஐந்து நீளம். நடுவில் நாலரை. நாலரையை நாலரையால் பெருக்கினால் இருபதே கால். அடடா, கால்தான் தள்ளி நிற்கிறது! இன்னொரு முறை மடித்தால் இன்னும் கிட்டே வரும்!"

"இந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே" என்றார் ராஜா.

"பயிருக்கு அடியில வேரு நிக்குற மாதிரி, இவ்வளவு எடத்துக்கும் அடியில இந்த அறுவதுதான் நிக்குது சாமி" என்றாள் உலகாயி. வில்லவராயர் அதை ஓலையில் "மூலம்" என்று எழுதிக்கொண்டார். படித்தவர்கள் வேரை அப்படித்தானே சொல்வார்கள்?

ராஜா போனார். ஆண்டிக்கோன் தம் பக்கத்துப் புல்லில் இறங்கி, குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். மூக்கையன் மட்டும் வரப்புக் கயிற்றோடு நின்றார். ஐந்து பங்கு ஏழேழாகப் பிரித்துக் கயிறு கட்டி முடித்தார். மேற்கு மூலையில் மிஞ்சியது பத்துக்குப் பத்து. உலகாயி அதன் ஓரத்தில் போய் நின்றாள்.

மூக்கையன் குனிந்து மண்ணைப் பார்த்தார். தம் பங்கில் ஒரு சாண் இடத்தில் விழுந்த வரகை எண்ணினார். அவள் மூலையில் ஒரு சாண் இடத்தில் விழுந்த வரகை எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார்.

"ஏம்மா உலகாயி, கை கொஞ்சம் கனத்திருந்தா ஏழு மரக்கால் உனக்கு நின்னுருக்குமே?"

"ஆமா மாமா."

"அப்புறம் ஏன் கனக்கல?"

"கனக்கல மாமா. அவ்வளவுதான்."

மூக்கையன் நிமிர்ந்தார். பிறகு கட்டிய கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மற்ற நாலு வீட்டுக்காரர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நாம ஏழுல நிக்கிறோம், இவ ஒண்ணுல நிக்கிறா. ரெண்டும் தப்பு. வீட்டுக்கு ஒரு மரக்கால் விடுங்கடா."

ஐந்து வீடும் ஒன்று ஒன்று விட்டது. ஏழு ஆறாயிற்று. ஒன்று ஆறாயிற்று. புதிதாகக் கட்டிய கயிற்றின் கடைசி முடிச்சைப் போடாமல் நுனியை அவளிடம் நீட்டினார். உலகாயிதான் போட்டாள்.

அந்த வருஷம் ஆண்டிக்கோன் ஒரு குட்டியையும் சாகக் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். மூக்கையன் தாமாகவே மீசையை எடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

எழுந்து போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போங்கள்: தன் பிழையை மறைக்காமல், அது எவ்வளவு பிழை என்று அளந்து பார்க்கிறவருக்கு, அந்தப் பிழையே சரியான இடத்துக்கு வழி காட்டும்.